கேமரன் மலைக்கு இரண்டு நாள்

கேமரன் மலையின் பெயர் தெரியாத தமிழ்க் குடும்பம் நம் நாட்டில் இராது. தேயிலைப் பொட்டலத்தில் அதன் படத்தைப் பார்த்திருக்கிறோம். சந்தையில் முட்டைக்கோஸைத் தூக்கிப் பார்த்தால், "கேமரன் மலைச் சரக்குங்க, நேத்துதான் இறங்கிச்சு" என்கிறார் கடைக்காரர். ஆனால் வகுப்பில், "அங்கே போய்ப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள்" என்று சொன்னால் தூக்கும் கைகள் குறைவுதான். வீட்டில் கேட்டாலோ, "அவ்வளவு தூரம் போயி என்னத்தைக் காணப் போறோம்? அதே மரம், அதே மலை" என்று பாட்டிமார் பேச்சை முடித்துவிடுகிறார்கள்.

காண்பதற்கு நிறைய இருக்கிறது. சனிக்கிழமை விடியலில் புறப்பட்டு ஞாயிறு இரவு வீடு திரும்பும்படி ஒரு பயணம் போதும். ஆனால் திட்டமில்லாமல் போனால், சாலை நெரிசலில் பாதி நாளும் கடைத்தெருவில் மீதி நாளும் கழிந்துவிடும். கையில் இருந்த காசும் கரைந்திருக்கும். ஆகவே எப்போது போவது, எந்த வழியில் ஏறுவது, எதைப் பார்ப்பது, எதை விட்டுவிடுவது என்பவற்றை முன்னதாகவே உட்கார்ந்து பேசிக்கொள்ள வேண்டும். அதற்கு உதவியாக இருக்கட்டும் என்றே இக்கட்டுரை.

மலையின் கதை

போகும் முன் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள். கதை தெரிந்து பார்க்கும் ஊருக்கும் தெரியாமல் பார்க்கும் ஊருக்கும் வேறுபாடு உண்டு.

1885-ஆம் ஆண்டில் வில்லியம் கேமரன் என்ற அரசாங்க நில அளவையாளர் பகாங், பேராக் எல்லைக் காடுகளில் அளவை வேலைக்காகச் சென்றார். உயரத்தில் மேடான, சமமான நிலப்பரப்பு ஒன்று இருப்பதாக அவர் எழுதி வைத்தார். அவர் பெயரே மலைக்கும் நின்றுவிட்டது. அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே செமாய் முதலான பூர்வகுடி மக்கள் அந்தக் காடுகளில் வாழ்ந்து வருகிறார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற ஆங்கில அதிகாரி வந்து பார்த்தார். வெயிலில் வாடிய வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் இளைப்பாற ஏற்ற இடம் என்று முடிவாயிற்று. 1926-இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் வேலை தொடங்கி 1931-இல் தானா ராத்தாவை எட்டியது. மலாய் மொழியில் தானா ராத்தா என்றால் சமதரை என்று பொருள்.

சாலை முடிவதற்கு முன்பே தேயிலை வந்துவிட்டது. 1929-இல் ஜே. ஏ. ரசல் என்பவர், இலங்கையில் தேயிலை அனுபவம் பெற்ற மில்ன் என்பவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு போ தோட்டத்தைத் தொடங்கினார். உலகமெங்கும் ரப்பர் விலை விழுந்து, நம்மவர் வேலையிழந்து தவித்த காலம் அது. காட்டை அழித்துச் சரிவுகளில் வரிசை பிடித்துத் தேயிலை நடுவதற்கு இன்றைக்கு இருப்பது போன்ற எந்திரங்கள் கிடையாது. கோவேறு கழுதைகளும் ஒரு நீராவிச் சாலை உருளையும் மனிதர் கைகளுமே இருந்தன. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து வந்தவர்களின் கைகள் அவற்றில் பெரும்பங்கு. லயங்கள் எழுந்தன. கோயில்கள் எழுந்தன. பிள்ளைகளுக்காகத் தமிழ்ப் பள்ளிகளும் வந்தன. தானா ராத்தாவிலும் ரிங்லெட்டிலும் போ தோட்டத்திலும் தமிழ்ப் பள்ளிகள் உண்டு.

வெள்ளைக்காரர்கள் இளைப்பாறக் கண்ட ஊர், ஆனால் அதை ஊராக்கியவர்கள் இளைப்பாற அங்கே ஏறவில்லை. இன்று நம் குடும்பங்கள் இரண்டு நாள் தங்கி இளைப்பாற அங்கே போகலாம் என்றால், அது நமக்கு வெறும் உல்லாசமன்று.

எப்போது போவது, எப்படிச் சேர்ப்பது

பள்ளி விடுமுறையில்தான் போக வேண்டும் என்பது பெரும்பாலோர் எண்ணம். நான் வேண்டாம் என்பேன். நீண்ட விடுமுறையிலும் பொது விடுமுறையோடு சேர்ந்த வார இறுதியிலும் பிரிஞ்சாங் சாலையில் வண்டிகள் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருக்கும். அறை வாடகையும் ஏறிவிடும். பள்ளி நடக்கும் மாதத்தில் சாதாரண சனி, ஞாயிறு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மழையையும் கணக்கில் கொள்ள வேண்டும். அக்டோபர், நவம்பரில் மழை மிகுதி. ஏப்ரல், மே மாதங்களிலும் கூடுதல்தான். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் சற்று வறட்சி. எந்த மாதமானாலும் பிற்பகல் மழையை எதிர்பார்த்தே போக வேண்டும். ஆகவே பார்க்க வேண்டியவற்றைக் காலையில் பார்த்துவிடுங்கள்.

பணத்திற்கு வழி என்ன? வாரம் 20 வெள்ளி என்று ஒரு டின்னில் போட்டு வந்தால் 26 வாரத்தில் 520 வெள்ளி சேரும். இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி ஒரு வேனை வாடகைக்கு எடுத்தால் போக்குவரத்துச் செலவு பங்காகிவிடும். செலவை ஐந்து தலைப்பாக எழுதி வையுங்கள்: வண்டி, தங்குமிடம், சாப்பாடு, வாங்கும் பொருள், அவசரத்துக்கு. ஐந்தாவதைத் தனி உறையில் போட்டு அம்மாவிடம் கொடுத்துவிட வேண்டும். அதைத் தொடாமல் திரும்பினால் அடுத்த பயணத்துக்கு அதுவே முதல்.

பெரிய மகனோ மகளோ கைத்தொலைபேசியில் அறையைப் பதிவு செய்து தரலாம். பதிவு செய்யும்போதே மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள்: சுடுநீர் வருமா? கம்பளி எத்தனை? எல்லாருக்கும் படுக்கை இருக்கிறதா?

இரண்டு பாதைகள்

மலைக்கு ஏற இரண்டு முக்கியமான பாதைகள் உள்ளன. பழைய பாதை தாப்பாவிலிருந்து ரிங்லெட் வழியாகத் தானா ராத்தாவுக்கு ஏறுகிறது. தூரம் சுமார் 60 கிலோமீட்டர்தான். ஆனால் வளைவுக்கு மேல் வளைவு. ஈப்போவுக்குத் தெற்கே உள்ள சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜா வழியாகப் பிரிஞ்சாங்குக்கு வருவது புதிய பாதை. தூரம் கூடுதல், சாலை அகலம்.

ஏறும்போது தாப்பா, இறங்கும்போது சிம்பாங் பூலாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே பயணத்தில் இரண்டையும் பார்த்துவிடலாம். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளோ முதியவர்களோ இருந்தால் இரண்டு முறையும் புதிய பாதையே நல்லது.

எந்தப் பாதையும் விளையாட்டன்று. 2010 டிசம்பரில் புதிய பாதையில் இறங்கிய சுற்றுலாப் பேருந்து ஒன்று கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறங்கும்போது கியரைக் குறைத்து எஞ்சின் இழுப்பிலேயே வண்டியை இறக்க வேண்டும். பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். பனிமூட்டம் வந்தால் விளக்கைப் போட்டு மெதுவாகச் செல்லுங்கள். இருட்டுவதற்கு முன் கீழே இறங்கிவிட வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்ரோலைத் தாப்பாவிலேயே நிரப்பிக்கொள்ளலாம். காலையில் வயிறு முட்டப் பசியாற வேண்டாம். இரண்டு இட்டிலி போதும். ஏறும்போது காது அடைத்தால் பிள்ளைகள் பயப்பட வேண்டியதில்லை. மேலே காற்றின் அழுத்தம் குறைவு. எச்சிலை விழுங்கினாலோ மிட்டாயைச் சப்பினாலோ அடைப்பு விட்டுவிடும்.

முதல் நாள்

காலை எட்டு மணிக்குத் தாப்பாவை விட்டால் நேரம் தாராளமாக இருக்கும். வழியில் லாத்தா இஸ்கண்டார் அருவி சாலையோரமாகவே கொட்டுகிறது. அங்கே வண்டியை நிறுத்திக் கால் நீட்டிக்கொள்ளலாம். பாறை வழுக்கும், பிள்ளைகளின் கையை விடாதீர்கள். சாலையோரத்தில் பூர்வகுடி மக்கள் தேனும் பெத்தாயும் விற்பார்கள். தேவையானால் வாங்குங்கள், கோழி விலை பேசுவது போல அவர்களிடம் அடித்துப் பேச வேண்டாம்.

ரிங்லெட்டைத் தாண்டினால் ஓர் ஏரி தெரியும். அது இயற்கை ஏரியன்று. மின்சாரம் எடுப்பதற்காக 1963-இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கம் அது. தண்ணீர் ஏன் செம்மண் நிறமாக இருக்கிறது என்று பிள்ளைகளைக் கேளுங்கள். மேலே காட்டை வெட்டித் தோட்டம் போட்ட சரிவுகளிலிருந்து மழை அரித்து வந்த மண் அது. 2013 அக்டோபரில் கனமழையின்போது அணை நீரைத் திறந்துவிட நேர்ந்தது. கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2014-இலும் சேற்று வெள்ளம் வந்தது. நாம் மலிவாக வாங்கும் காய்கறிக்கு மலை கொடுக்கும் விலையில் இதுவும் சேர்த்தி. ஐந்து நிமிடம் நின்று இதைச் சொன்னால், புவியியல் பாடம் பிள்ளைகளுக்கு மறக்காது.

நண்பகலில் தானா ராத்தாவை அடையலாம். இதன் உயரம் ஏறத்தாழ 1,440 மீட்டர். 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் 6 பாகை குறையும் என்பது கணக்கு. கீழே 32 பாகை என்றால் இங்கே சுமார் 23. இரவில் இன்னும் இறங்கும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த உயரத்தில் தண்ணீர் 100 பாகையில் கொதிப்பதில்லை. சுமார் 95 பாகையிலேயே கொதித்துவிடும். அதனால்தான் சோறு வேகச் சற்று நேரமாகிறது.

சோற்றுப் பேச்சு வந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். நம்மவர் எங்கே போனாலும் சட்டி பானை, அரிசி, அடுப்பு எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு போகும் வழக்கம் உண்டு. காசு மிச்சம் என்பார்கள். மிச்சம்தான். ஆனால் விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து சமைத்துவிட்டு வேலைக்குப் போகும் அம்மா, இங்கே வந்தும் நான்கு மணிக்கு எழுந்து குளிரில் நடுங்கிக்கொண்டு வெங்காயம் நறுக்கினால் அவருக்கு இது என்ன விடுமுறை? சனிக்கிழமை மதியத்துக்கு மட்டும் புளிச்சோறு கட்டுங்கள். அதையும் வெள்ளிக்கிழமை இரவு அப்பாவும் பிள்ளைகளும் கிளறட்டும். மற்ற வேளைக்குத் தானா ராத்தா கடைத்தெருவில் தோசையும் ரொட்டி சானாயும் வாழையிலைச் சாப்பாடும் கிடைக்கின்றன. ஐந்து தலைப்பில் சாப்பாட்டுக்கு ஒதுக்கியதைத் தயங்காமல் செலவழியுங்கள். இரண்டு நாள் அம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, பிறர் பரிமாறச் சாப்பிடட்டும்.

பிற்பகலில் மழை இல்லையென்றால் கோல்ப் திடல் பக்கம் போய் வரலாம். அருகே 1937-இல் கட்டப்பட்ட ஸ்மோக்ஹவுஸ் விடுதி இருக்கிறது. வெள்ளைச் சுவரில் கறுப்பு மரச்சட்டங்கள் பதித்து, இங்கிலாந்துக் கிராமத்து வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். தம் ஊர் நினைவில் துரைமார் கட்டிய வீடு அது. நம் முன்னோரும் தம் ஊர் நினைவில் கட்டினார்கள். பிரிஞ்சாங்கில் முருகன் கோயில் இருக்கிறது. மாலைப் பூசைக்குப் போய்க் குளிர்காற்றில் மணியோசை கேட்டு நில்லுங்கள். அதே ஊரில் 1972-இல் கட்டப்பட்ட சாம் போ என்ற பௌத்தக் கோயிலும் பார்க்கத் தகுந்தது.

காட்டு நடைபாதைகள் பல உண்டு. பழக்கமில்லாதவர்கள் அவற்றில் தனியாக நுழையலாகாது. 1967 மார்ச் 26-ஆம் நாள், தாய்லாந்துப் பட்டு வாணிகத்தில் பெயர்பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர் தாம் தங்கியிருந்த பங்களாவிலிருந்து நடக்கப் போனவர் திரும்பவே இல்லை. போலீஸாரும் இராணுவத்தினரும் பூர்வகுடியினரும் தேடினார்கள். ஒரு தடயமும் அகப்படவில்லை. அவர் என்ன ஆனார் என்பது இன்றுவரை புதிர். பெரிய பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு இந்தக் கதை இரவில் கம்பளிக்குள் சொல்ல நன்றாக இருக்கும்!

இரண்டாம் நாள்

ஞாயிற்றுக்கிழமைக் காலைதான் இப்பயணத்தின் உயிர். விடியலில் எழுந்து, பிரிஞ்சாங்கைத் தாண்டி, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குத் திறக்கும் நேரத்திலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமைகளில் அங்கே பார்வையாளருக்கு விடுமுறை. ஆகவே ஞாயிறு வசதி. பாதை ஒடுக்கமானது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கிப் பொறுமையாக வழிவிட வேண்டும். பெரிய பேருந்துக்கு அது ஏற்ற வழியன்று, வேன் போகும்.

வளைவு திரும்பியதும் பச்சைக் கம்பளம் விரித்தாற் போலச் சரிவுகள் தெரியும். பிள்ளைகள் கூவுவார்கள். கூவட்டும். பிறகு அவர்களை அருகே அழைத்து ஒரு செடியைக் காட்டுங்கள். தேயிலை உண்மையில் மரம். விட்டுவிட்டால் மரமாகவே வளர்ந்துவிடும். கவாத்து வெட்டி இடுப்பளவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நுனியிலுள்ள ஒரு குருத்தும் இரண்டு இலையும்தான் நல்ல தேயிலைக்கு வேண்டியவை. சுமார் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து கிள்ளினால் ஒரு கிலோ தூள் கிடைக்கும்.

ஆலையில் இந்தக் கொழுந்து படும் பாட்டைப் பார்க்கலாம். முதலில் காற்றை ஊதி வாட்டுகிறார்கள். பிறகு எந்திரத்தில் இட்டு உருட்டிக் கசக்குகிறார்கள். கசங்கிய இலையைப் பரப்பி வைத்தால் காற்றுப் பட்டுப் பச்சை நிறம் மாறிச் செம்பு நிறமாகிறது. வாசனை பிறப்பது இந்தக் கட்டத்தில்தான். பின்னர் சூடான காற்றில் உலர்த்தி, சலித்து, தரம் பிரிக்கிறார்கள். பால் கட்டியாகி, அழுத்தி, புகையிட்டு ரப்பர் தட்டு ஆவதைப் பார்த்த பெரியவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். பிள்ளைகளுக்கு அவர்களே சொல்லிக் கொடுக்கட்டும். பாட்டி வந்திருந்தால், அன்று பாட்டிதான் ஆசிரியை.

சரிவில் வேலை செய்பவர்களையும் பார்ப்பீர்கள். முன்பு முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு விரல்களால் கொழுந்து கிள்ளினார்கள். நம் தாய்மார் அதில் கெட்டிக்காரிகள். இன்று கத்தரியும், இருவர் பிடித்து நடக்கும் வெட்டு எந்திரமும் வந்துவிட்டன. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களைச் சுட்டிக்காட்டி ஏதோ வேடிக்கைப் பொருள் போல நாம் பேசக்கூடாது. ரஜூலா கப்பலில் வந்து இறங்கிய நம் தாத்தாமாரும் இப்படித்தான் மொழி தெரியாத மலையில் நின்றார்கள். இப்படித்தான் மாதச் சம்பளத்தில் ஒரு பங்கை ஊருக்கு அனுப்பினார்கள். இப்படித்தான் வண்டியில் வந்தவர்கள் எட்ட நின்று அவர்களைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கேட்காமல் படம் எடுக்காதீர்கள். செடி வரிசைக்குள் புகுந்து மிதிக்காதீர்கள். அருகே வந்தால் ஒரு வணக்கமோ, "அப்பா காபார்?" என்று ஒரு வார்த்தையோ சொல்லுங்கள். பிள்ளைகள் நம்மைப் பார்த்துத்தான் பழகுகிறார்கள்.

அங்கேயே மலையைப் பார்த்தபடி ஒரு கோப்பைத் தேநீர் அருந்திவிட்டுக் கிளம்பலாம். மேலே பிரிஞ்சாங் சிகரம் 2,000 மீட்டருக்கும் உயரம். பாசி படர்ந்த காடு அங்கே இருக்கிறது. அதற்குள் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். சிறு பிள்ளைகளோடு இரண்டு நாளில் அதையும் அடக்கப் பார்ப்பது வீண் அலைச்சல். அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்குவதும் திரும்புவதும்

கீ பார்ம் சந்தையைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. முதல் நாளே வாங்கினால் கீரை வாடிவிடும். காசும் முதலிலேயே போய்விடும். மூன்று நான்கு கடைகளில் விலை கேட்ட பிறகு வாங்குங்கள். முட்டைக்கோஸ், தக்காளி, சோளம் ஆகியவை வீடு வரை தாங்கும். ஸ்ட்ராபெரி தாங்காது, அங்கேயே சாப்பிட்டுவிட வேண்டும். லயத்தில் பத்து வீட்டுக்கும் ஏதாவது வாங்கிப் போக வேண்டும் என்று நம் பெண்கள் நினைப்பார்கள். நல்ல மனம்தான். ஒரு பெரிய தேயிலைப் பொட்டலம் வாங்கி, ஊர் திரும்பியதும் எல்லாரையும் கூப்பிட்டு ஒரு நாள் தேநீர் போட்டுக் கொடுத்தால் செலவும் குறையும், கதை சொல்லவும் ஆள் கிடைக்கும்.

பிற்பகல் இரண்டு மணிக்குள் மலையை விட்டுவிடுங்கள். சிம்பாங் பூலாய் வழியாக இறங்கி ஈப்போவில் ஒரு தேநீர் குடித்துவிட்டு அவரவர் ஊர் நோக்கிப் புறப்படலாம்.

எடுத்துச் செல்ல வேண்டியவை: ஆளுக்கு ஒரு குளிர்ச்சட்டை, காலுறை, வழுக்காத காலணி, குடை, மாற்றுடை. இரத்த அழுத்தம், நீரிழிவு மாத்திரைகளை அன்றாடம் சாப்பிடுபவர்கள் மூன்று நாளைக்கு உள்ளதாகக் கைப்பையில் வையுங்கள். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். மருத்துவரைக் கேட்டுவிட்டு மருந்தோடு போங்கள். குப்பைக்கு ஒரு பை. நம் குப்பை நம்மோடு கீழே இறங்க வேண்டும்.

பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு சிறிய நோட்டுப் புத்தகம் கொடுங்கள். தாப்பாவில் எவ்வளவு வெப்பம், தானா ராத்தாவில் எவ்வளவு, வழியில் எத்தனை அருவி, ஒரு கிலோ தேயிலைக்கு எத்தனை கிலோ கொழுந்து என்று எழுதட்டும். போவதற்கு முந்திய வாரமே தாத்தா பாட்டியிடம், "நீங்கள் எந்தத் தோட்டத்தில் வேலை செய்தீர்கள்? என்ன வேலை? நாள் சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டு அதையும் முதல் பக்கத்தில் எழுதட்டும். தாத்தாவின் சம்பளமும் மலையின் உயரமும் ஒரே நோட்டில் இருப்பது நல்லது.

இந்த வாரச் சம்பளத்திலேயே டின்னை வாங்கி முதல் 20 வெள்ளியைப் போட்டுவிடுங்கள். தேதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். போய் வாருங்கள், குளிருக்குப் பாட்டிக்கு ஒரு போர்வை கூடுதலாக எடுத்துச் செல்ல மறக்காதீர்கள்.